முழுதும் நிரம்பாத குழாயில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். 900 வீடுகள், ஏறத்தாழ 3,500 பேர் உள்ள குடியிருப்பு. எல்லா வீடுகளின் கழிவுநீரும் உள்விட்டம் 300 மி.மீ. உள்ள ஒரே சிமெண்ட் குழாய் வழியாக வளாகத்தின் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. வாட்டம் (குழாயின் சரிவு) 200-க்கு 1, அதாவது 200 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம். காலை நெரிசல் நேரத்தில் கடைசிக் குழியின் (மேன்ஹோல்) மூடியைத் திறந்து பார்த்தால், குழாயில் 90 மி.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் ஓடுகிறது. குழாய் நிரம்பி ஓடினால் விநாடிக்கு 68 லிட்டர் என்று வரைபடத்தில் குறித்திருக்கிறார்கள். ஆழம் 30 விழுக்காடு, ஆகவே 68-இல் 30 விழுக்காடு, அதாவது விநாடிக்கு 20 லிட்டர் என்று ஒப்பந்தக்காரர் கணக்குப் போட்டு, நிலையத்தைப் பெரிதாக்கச் சொல்கிறார். இந்தக் கணக்கு சரியா என்பது உங்கள் கேள்வி.

சரியில்லை. நீங்கள் கொடுத்த அளவுகளை அப்படியே எடுத்துக்கொண்டால் விநாடிக்கு 10 முதல் 13 லிட்டர் வரைதான் ஓடுகிறது. 20 என்பது ஒன்றரை மடங்குக்கும் மேல். ஆனால் இந்த 10-க்கும் 13-க்கும் நடுவில் ஏன் இவ்வளவு இடைவெளி என்பதுதான் விஷயத்தின் சுவாரசியமான பகுதி. அதற்கு நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் போட்டு விடை காண முடியாது. குழிக்குப் பக்கத்தில் போய் நின்றுதான் ஆக வேண்டும்.

முதலில் அடிப்படை. நிரம்பாத குழாய், பெயருக்குத்தான் குழாய். அதன் மேற்பரப்பு காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. உள்ளே அழுத்தம் எதுவும் தண்ணீரைத் தள்ளுவதில்லை. வாட்டத்தில் புவியீர்ப்பு இழுக்கிறது, சுவரின் உராய்வு பிடித்து நிறுத்துகிறது. பாசன வாய்க்காலுக்கும் இதற்கும் வேறுபாடு, குறுக்குவெட்டு வட்டமாக இருப்பது மட்டும்தான். எனவே மோட்டாரிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏறும் குழாய்க்குப் பயன்படும் ஹேசன்-வில்லியம்ஸ் போன்ற சூத்திரங்களை இங்கே கொண்டுவரக் கூடாது. இங்கே வாய்க்கால் சூத்திரம்தான் வேண்டும்.

ஓட்டம் என்பது பரப்பு பெருக்கல் வேகம். இதில் பரப்பு சுத்தமான வடிவியல். ஆழத்தைச் சரியாக அளந்தால் பரப்பு சரியாக வந்துவிடும், அதில் யாரும் சண்டை போட இடமில்லை. வேகம் அப்படியில்லை. அது பாதி இயற்பியல், பாதி ஊகம். பெரும்பாலானவர்கள் கோணத்தையும் சைனையும் பார்த்து மிரண்டு வடிவியலில் நேரத்தைச் செலவழிக்கிறார்கள்; வேகத்தை ஒரு அட்டவணை எண்ணை நம்பி விட்டுவிடுகிறார்கள். கவனத்தை நேர்மாறாகத் திருப்ப வேண்டும்.

வடிவியலை முடித்துவிடலாம். குழாயின் மையத்திலிருந்து தண்ணீர் மட்டத்தின் இரண்டு ஓரங்களுக்கும் கோடு போட்டால், தண்ணீர் இருக்கும் பக்கமாக ஒரு கோணம் கிடைக்கும். எல்லாம் அதிலிருந்து வரும்.

கோணம் = 2 × நேர்மாறு கொசைன் (1 − 2 × ஆழம் ÷ விட்டம்)

பரப்பு = (விட்டம்² ÷ 8) × (கோணம் − கோணத்தின் சைன்)

நனைந்த சுற்றளவு = விட்டம் × கோணம் ÷ 2

நீரியல் ஆரம் = பரப்பு ÷ நனைந்த சுற்றளவு

கோணத்தை ரேடியனில் எழுத வேண்டும். உங்கள் குழாய்க்கு ஆழம் ÷ விட்டம் = 0.3. ஆகவே 1 − 0.6 = 0.4, அதன் நேர்மாறு கொசைன் 66.42 பாகை, இரட்டித்தால் 132.84 பாகை, அதாவது 2.3186 ரேடியன். அதன் சைன் 0.7332. பரப்பு = (0.09 ÷ 8) × (2.3186 − 0.7332) = 0.01784 சதுர மீட்டர். நனைந்த சுற்றளவு 0.3478 மீட்டர். நீரியல் ஆரம் 0.0513 மீட்டர்.

இந்த இடத்தில் கால்குலேட்டர் ஒரு வேலை செய்யும், கவனியுங்கள். கருவி பாகையில் இருக்கும்போது 2.3186-க்கு சைன் கேட்டால் 0.7332-க்குப் பதில் 0.0405 என்று காட்டும். பரப்பு 0.0256 சதுர மீட்டர் என்று வரும். முழுக் குழாயின் பரப்பு 0.0707 என்பதால், 0.0256 பார்ப்பதற்கு நம்பும்படியாகவே இருக்கும். யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் அது உண்மையைவிட 44 விழுக்காடு அதிகம். அபத்தமான விடை வந்தால் உடனே பிடித்துவிடலாம். இதுபோல அரைகுறையாகப் பொருந்துகிற விடைதான் அறிக்கை வரை போய்விடும். பாதி ஆழத்துக்கு ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். முழுப் பரப்பில் சரியாகப் பாதி வந்தால் கருவி சரியான நிலையில் இருக்கிறது.

இனி வேகம். உலகம் முழுதும் இதற்குப் புழக்கத்தில் இருப்பது மேனிங் சூத்திரம்:

வேகம் = (1 ÷ சொரசொரப்பு எண்) × நீரியல் ஆரத்தின் மூன்றில் இரண்டு அடுக்கு × வாட்டத்தின் வர்க்கமூலம்

சொரசொரப்பு எண் என்பது குழாயின் உட்சுவர் எவ்வளவு சொரசொரப்பானது என்பதைக் காட்டும் அட்டவணை எண். நீளம் மீட்டரிலும் வேகம் மீட்டர்/விநாடியிலும் இருக்க வேண்டும். அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மேனிங் 1889-இல் டப்ளினில் வாசித்த கட்டுரையிலிருந்து வந்தது இது. அவருக்கு முன்பே 1867-இல் பிரெஞ்சுக்காரரான கோக்லர் ஏறக்குறைய இதையே சொல்லியிருந்தார். இன்னும் பின்னால் போனால் 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பொறியாளர் ஷெசி இட்ட அடித்தளம் இருக்கிறது. மேனிங்குக்கே இந்தச் சூத்திரத்தின் மேல் பெரிய பிரியம் இல்லை என்பதுதான் வேடிக்கை. கனமூலம் எடுப்பது தொல்லை. இரண்டு பக்கமும் பரிமாணம் பொருந்தவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்றை அவர் முன்வைத்தார். உலகம் அதை மறந்துவிட்டு, அவர் ஒதுக்கியதை எடுத்து வைத்துக்கொண்டது.

பழைய சிமெண்ட் குழாய்க்குச் சொரசொரப்பு எண் 0.013 என்று வைத்துக்கொள்வோம். 0.0513-இன் மூன்றில் இரண்டு அடுக்கு 0.138. வாட்டம் 0.005-இன் வர்க்கமூலம் 0.0707. வேகம் = 0.138 × 0.0707 ÷ 0.013 = விநாடிக்கு 0.75 மீட்டர். பரப்பால் பெருக்கினால் 0.0134 கன மீட்டர், அதாவது விநாடிக்கு 13.4 லிட்டர்.

இதே சூத்திரத்தில் முழுக் குழாய்க்கு நீரியல் ஆரம் விட்டத்தில் கால்பங்கு, 0.075 மீட்டர். வேகம் 0.97, ஓட்டம் 68.4 லிட்டர். வரைபடத்தில் இருப்பது இந்த எண்தான், அதில் பிழையில்லை. பிழை 30 விழுக்காடு என்ற பெருக்கலில் இருக்கிறது. ஆழம் 30 விழுக்காடு என்றால் பரப்பு 25 விழுக்காடுதான், ஏனென்றால் வட்டத்தின் அடிப்பகுதி குறுகலானது. அதோடு, அந்தக் கொஞ்சத் தண்ணீர் தன் அளவுக்கு மீறிய சுவரை உரசிக்கொண்டு போவதால் வேகமும் முழுக் குழாயின் வேகத்தில் 78 விழுக்காடாகக் குறைகிறது. இரண்டும் சேர்ந்து ஓட்டம் 19.6 விழுக்காட்டில் நிற்கிறது.

ஒவ்வொரு முறையும் கோணத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. முழு ஓட்டத்தை ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால், கீழே உள்ள விகிதங்கள் எந்த விட்டத்துக்கும் எந்த வாட்டத்துக்கும் பொருந்தும்:

ஆழம் 10 விழுக்காடு: ஓட்டம் முழு ஓட்டத்தில் 2 விழுக்காடு
20: 9
30: 20
40: 34
50: 50
60: 67
70: 84
80: 98
90: 107
100: 100

திருப்பிக் கேட்டாலும் விடை சொல்லும். விநாடிக்கு 40 லிட்டர் வந்தால் உங்கள் குழாயில் எவ்வளவு உயரம் நிற்கும்? 40 ÷ 68.4 = 0.585, அட்டவணையில் 50-க்கும் 60-க்கும் நடுவில், ஆழம் 55 விழுக்காடு, அதாவது 165 மி.மீ. இதைச் சூத்திரத்தில் நேராகத் திருப்பி எடுக்க வழியில்லை, ஊகித்து ஊகித்துத்தான் நெருங்க வேண்டும். அட்டவணை அந்த வேலையை மிச்சப்படுத்துகிறது.

அட்டவணையின் கடைசி இரண்டு வரிகளைப் பார்த்து அச்சுப்பிழை என்று நினைக்காதீர்கள். நிரம்பிய குழாயைவிட, நிரம்பச் சற்றே மீதம் இருக்கும் குழாயில் அதிகம் ஓடும். உச்சம் 94 விழுக்காடு ஆழத்தில், முழு ஓட்டத்தைவிட 7.6 விழுக்காடு கூடுதலாக. காரணம் வட்டத்தின் தலைப்பகுதி. ஆழம் 94 விழுக்காட்டைத் தாண்டியபின் மீதமுள்ள உயரத்தில் பரப்பு 2.6 விழுக்காடுதான் கூடுகிறது. ஆனால் நனையும் சுவரோ மொத்தச் சுற்றளவில் 16 விழுக்காடு கூடிவிடுகிறது. தண்ணீர் கொஞ்சம் கூடுவதற்காக உராய்வு ஏகப்பட்டது சேர்கிறது. சரி, அந்தக் கூடுதல் 7 விழுக்காட்டை நம்பிக் குழாய் போடலாமா என்றால், கூடாது. அந்த உயரத்தில் ஓட்டம் நிலையாக நிற்காது. சின்ன அலை வந்து கூரையைத் தொட்டாலே குழாய் மூடிக்கொண்டு, கொள்ளளவு சட்டென்று விழும். காற்றும் உள்ளே அடைபடும். இந்தியாவில் பாதாளச் சாக்கடைக்கான மத்திய அரசின் கையேடு, எதிர்கால உச்ச ஓட்டத்திலும் ஆழம் 80 விழுக்காட்டைத் தாண்டாதபடி வடிவமைக்கச் சொல்வது நல்ல எச்சரிக்கை.

இப்போது 13.4 என்ற எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று பார்ப்போம். ஒவ்வொரு அளவையும் கொஞ்சம் ஆட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆழத்தை 90-க்குப் பதில் 95 மி.மீ. என்று படித்திருந்தால் ஓட்டம் 14.9 லிட்டர். வெறும் 5 மி.மீ. தவறுக்கு 11 விழுக்காடு. வாட்டம் 200-க்கு 1 இல்லாமல் 250-க்கு 1 ஆக இருந்தால் 12 லிட்டர். சொரசொரப்பு எண் 0.013-க்குப் பதில் 0.015 என்றால் 11.6. வாட்டத்தை வரைபடத்திலிருந்து எடுக்காதீர்கள். வரைபடத்தில் இருப்பது எண்ணியது, மண்ணுக்குள் இருப்பது நடந்தது. இரண்டு குழிகளின் அடிமட்டத்தையும் ஆட்டோ லெவல் என்ற மட்டம் பார்க்கும் கருவியை வைத்தோ, அது கிடைக்காவிட்டால் கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர் டியூபை வைத்தோ ஒப்பிட்டுப் பாருங்கள். 30 மீட்டர் தூரத்தில் 200-க்கு 1 என்றால் 150 மி.மீ. இறங்கியிருக்க வேண்டும்.

ஆழம் அளப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. அளவுகோலைத் தண்ணீரில் நேராக இறக்கினால், விநாடிக்கு 0.75 மீட்டர் வேகத்தில் வரும் தண்ணீர் அதன் முகத்தில் மோதி மேலே ஏறும்; 3 செ.மீ. வரைகூட ஏற முடியும். சுண்ணாம்பு பூசிய கோலை இறக்கி ஈரம் எதுவரை என்று பார்க்கும் பழக்கம் இருந்தால், நீங்கள் படிப்பது அந்த ஏற்றத்தைத்தான். மெல்லிய பட்டைக் கோலை, அதன் விளிம்பு ஓட்டத்தைப் பார்க்கும்படி பிடியுங்கள். அதைவிட நல்லது, குழாயின் உள் உச்சியிலிருந்து தண்ணீர் மட்டம் வரை உள்ள இடைவெளியை அளந்து விட்டத்திலிருந்து கழிப்பது. 210 மி.மீ. இடைவெளி என்றால் ஆழம் 90.

ஆனால் உச்சியிலிருந்து அளக்கும்போது அடியில் வண்டல் இருப்பது கணக்கில் தெரியாது. 30 மி.மீ. மணல் படிந்திருந்தால் நீங்கள் தண்ணீர் என்று நினைக்கும் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு மணல். கோலின் முனையால் அடியைத் தட்டிப் பாருங்கள். சிமெண்ட் தட்டினால் சத்தமும் கைக்குத் தெறிப்பும் வேறு, மணல் வேறு. இன்னொன்று, குழிக்குள் இருக்கும் வாய்க்காலில் அளக்காதீர்கள். அது பெரும்பாலும் குழாயின் வடிவத்தில் இருக்காது. குழாயின் வாய்க்கு உள்ளே கொஞ்சம் தள்ளி அளக்க வேண்டும்.

இதையெல்லாம் மேலே நின்றபடியே செய்ய வேண்டும். கழிவுநீர்க் குழிக்குள் யாரையும் இறக்காதீர்கள், ஒரு நிமிடத்துக்குக்கூட. ஹைட்ரஜன் சல்பைடு குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டை வாடை அடிக்கும். கொல்லும் அளவுக்குக் கூடும்போது மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்கிச் சாக்கடை சுத்தம் செய்ய வைப்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட. நீளமான கோல், டார்ச், கயிற்றில் கட்டிய கேமரா, இவை போதும்.

இனி அந்த 10 லிட்டர் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். மேலே உள்ள கணக்கு, சொரசொரப்பு எண் எல்லா ஆழத்துக்கும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்கிறது. அமெரிக்கப் பொறியாளர் தாமஸ் கேம்ப் 1946-இல் வெளியிட்ட ஆய்வில், அளந்து பார்த்த தரவுகளை வைத்து, நிரம்பாத குழாயில் இந்த எண் கூடுகிறது என்று காட்டினார். அவருடைய வளைகோட்டின்படி 30 விழுக்காடு ஆழத்தில் அது முழுக் குழாயில் இருப்பதைப் போல் ஏறத்தாழ 1.28 மடங்கு. அப்படியானால் உங்கள் வேகம் 0.75-இலிருந்து 0.59-க்கும், ஓட்டம் 13.4-இலிருந்து 10.5-க்கும் இறங்குகிறது. கேம்ப் சொல்வதை ஏற்கிறவர்களும் உண்டு. மாறாத எண்ணே போதும் என்கிறவர்களும் உண்டு. நம் நாட்டுக் கையேட்டில் கேம்ப்பின் விகிதங்களும் இருக்கின்றன. புதுக் குழாய் வடிவமைக்கும்போது இந்த வேறுபாடு பெரிதாக உறுத்தாது, ஏனென்றால் அங்கே எல்லாவற்றிலும் தாராளம் காட்டிவிடலாம். ஏற்கனவே ஓடுகிற தண்ணீரை அறிய நினைக்கும்போது 28 விழுக்காடு சின்ன விஷயமில்லை.

என் கருத்து: ஓடிக்கொண்டிருக்கும் குழாய்க்கு மேனிங் சூத்திரத்தை முதல் மதிப்பீடாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தை அளந்துவிடுங்கள். அளந்த வேகம் கையில் இருந்தால் சொரசொரப்பு எண்ணும் வேண்டாம், வாட்டமும் வேண்டாம், கேம்ப் சரியா தவறா என்ற வழக்கும் வேண்டாம். பரப்பு பெருக்கல் வேகம், முடிந்தது.

அளப்பது கடினமில்லை. கடைசிக் குழிக்கும் அதற்கு முந்தைய குழிக்கும் இடையே 30 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முந்தைய குழியில் குழாய் வாயருகே சாயத்தைக் கரைத்து ஒரே மூச்சில் ஊற்றி, அங்கிருந்து போனில் சொல்லச் சொல்லி, கீழ்க்குழியில் நிற்பவர் நேரம் பார்க்க வேண்டும். சாயத்தின் முன்முனை வரும் நேரமும் வால் கடக்கும் நேரமும் வேறு வேறாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் எடுத்துக்கொள்ளுங்கள். வேகம் 0.75 என்றால் 40 விநாடி, 0.59 என்றால் 51 விநாடி. கைக்கடிகாரத்தாலேயே பிரித்தறியக்கூடிய இடைவெளி இது. சாயம் கிடைக்காவிட்டால் எலுமிச்சம்பழம் போதும். அது பெரும்பகுதி மூழ்கி மிதப்பதால் காற்றுக்கு அலையாது. ஆனால் மிதக்கும் பொருள் மேற்பரப்பின் வேகத்தைத்தான் காட்டும், அது சராசரியைவிட அதிகம். ஆகவே கிடைத்த வேகத்தை 0.85-ஆல் பெருக்குங்கள். ஐந்தாறு முறை விட்டுப் பாருங்கள். சுவரில் மாட்டிக்கொண்டு தாமதமாக வருவதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

உங்களுக்கு இதைவிடச் சிறந்த வழி ஒன்று கையருகிலேயே இருக்கிறது. குழாய் போய் விழுவது சேகரிப்புத் தொட்டியில்தானே? மட்டம் குழாயின் அடிக்குக் கீழே நன்றாக இறங்கியிருக்கும் நேரம் பார்த்து, பம்புகளை நிறுத்திவிட்டுத் தொட்டியில் மட்டம் ஏறுவதை அளவிடுங்கள். தொட்டி 3 மீட்டருக்கு 2 மீட்டர் என்றால் பரப்பு 6 சதுர மீட்டர், விநாடிக்கு 13.4 லிட்டர் வந்தால் நிமிடத்துக்கு 13.4 செ.மீ. ஏறும், 10.5 வந்தால் 10.5 செ.மீ. (பரப்பு 6 ஆக இருப்பதால் வந்த பொருத்தம் இது, உங்கள் தொட்டிக்கு அதன் பரப்பை வைத்துக் கணக்கிடுங்கள்.) ஒப்பந்தக்காரர் சொல்லும் 20 லிட்டர் உண்மையானால் 20 செ.மீ. ஏற வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் பார்த்தாலே போதும். இதில் எந்தச் சூத்திரத்தையும் நம்ப வேண்டியதில்லை என்பதால், மற்ற எல்லா அளவீடுகளையும் நான் இதோடு ஒப்பிட்டுத்தான் எடைபோடுவேன். மட்டம் குழாயின் வாயைத் தொடுவதற்குள் பம்பைப் போட்டுவிட வேண்டும். தொட்டால் தண்ணீர் குழாய்க்குள் பின்னோக்கித் தேங்கி, ஏற்றம் குறைவாகத் தெரியும்.

பின்னோக்கித் தேங்குவது என்றதும் சொல்ல வேண்டியது: மேனிங் சூத்திரம் சீரான ஓட்டத்துக்கு மட்டும்தான். கீழே எங்கோ துணியும் எண்ணெய்க்கட்டியும் அடைத்திருந்தால், தண்ணீர் மெதுவாக, ஆனால் உயரமாக நிற்கும். சூத்திரத்துக்கு உயரம் மட்டும்தான் தெரியும். அது ஏகப்பட்ட தண்ணீர் ஓடுவதாகச் சொல்லிவிடும். குழாய் முக்கால் ஆழத்தில் கிட்டத்தட்ட அசையாமல் நிற்பதைப் பார்த்து 60 லிட்டர் என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அடுத்தடுத்த இரண்டு குழிகளில் ஆழத்தை அளந்து பாருங்கள். ஒரே அளவாக இருந்தால் சீரான ஓட்டம். கீழ்க்குழியில் ஆழம் கூடுதலாக இருந்தால் அடைப்பையோ தேக்கத்தையோ தேடுங்கள். குறைவாக இருந்தால் அருகில் தண்ணீர் விழுந்து இறங்கும் இடம் இருக்கிறது. இரண்டு நிலையிலும் சூத்திரத்தை மூடி வைத்துவிட வேண்டியதுதான்.

தண்ணீர் குழாயின் முனையிலிருந்து தடையின்றி அந்தரத்தில் விழுந்தால், அதற்கென்றே கலிபோர்னியாக் குழாய் முறை என்ற பழைய வழி உண்டு. 1920-களில் பாசனத் தண்ணீர் அளப்பதற்காக வந்தது. விளிம்பில் தண்ணீரின் ஆழத்தை மட்டும் அளந்தால் போதும்:

ஓட்டம் (கன மீட்டர்/விநாடி) = 4.685 × (விளிம்பு ஆழம் ÷ விட்டம்)இன் 1.88 அடுக்கு × விட்டத்தின் 2.48 அடுக்கு

300 மி.மீ. குழாயின் விளிம்பில் 75 மி.மீ. ஆழம் இருந்தால் விநாடிக்கு 17.5 லிட்டர் வரும். ஆனால் நிபந்தனைகள் கடுமையானவை: குழாயின் கடைசிப் பகுதி, விட்டத்தைப் போல் ஆறு மடங்கு நீளத்துக்காவது, வாட்டம் இல்லாமல் மட்டமாக இருக்க வேண்டும், விளிம்பு ஆழம் பாதி விட்டத்துக்கு மேல் போகக் கூடாது. உங்களுடையது 200-க்கு 1 வாட்டத்தில் வந்து விழுவதால் இது உங்களுக்கு அவ்வளவாக ஒத்துவராது. கிணற்றுத் தண்ணீரை வாய்க்காலில் விடும் குழாய்க்கு நன்றாக ஒத்துவரும்.

தண்ணீர் அல்லாத திரவங்களைப் பற்றி ஒரு வரி. சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு, கெட்டிச் சேறு, எண்ணெய் போன்றவற்றுக்கு மேனிங்கைத் தொடக் கூடாது. பாகுத்தன்மை அதில் எங்குமே இல்லை. அங்கே, பாகுத்தன்மையையும் கணக்கில் எடுக்கும் உராய்வுச் சூத்திரமான டார்சி-வைஸ்பாக்கில், விட்டத்தின் இடத்தில் நீரியல் ஆரத்தின் நான்கு மடங்கைப் போட்டுக் கணக்கிட வேண்டும். உங்கள் கழிவுநீர் ஓட்ட அளவில் தண்ணீரைப் போலத்தான் நடந்துகொள்ளும், கவலை வேண்டாம்.

கடைசியாக, வரும் எண்ணை மக்கள்தொகையோடு ஒத்துப் பாருங்கள். நகரக் குடிநீர் வடிவமைப்பில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது வழக்கமான கணக்கு. அதில் 80 விழுக்காடு கழிவுநீராக வந்தால் 108 லிட்டர். 3,500 பேருக்கு நாளொன்றுக்கு 3.78 லட்சம் லிட்டர்; சராசரியாக விநாடிக்கு 4.4 லிட்டர். இந்த அளவு மக்கள்தொகைக்கு உச்ச நேரம் சராசரியைப் போல் மூன்று மடங்கு என்று கையேடு சொல்கிறது. அப்படியானால் உச்சம் 13 லிட்டர். நீங்கள் பார்த்த 90 மி.மீ. இதோடு பொருந்துகிறது. 20 லிட்டர் பொருந்த வேண்டுமென்றால் ஒவ்வொருவரும் வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு தண்ணீர் செலவழிக்க வேண்டும், அல்லது குழாய் இணைப்புகள் வழியாக நிலத்தடி நீர் உள்ளே கசிய வேண்டும். கசிவா என்று அறிய, எல்லாரும் தூங்கும் அதிகாலை மூன்று மணிக்கு மூடியைத் திறந்து பாருங்கள். அந்த நேரத்தில் தெளிந்த தண்ணீர் விடாமல் ஓடினால் அது வீடுகளிலிருந்து வருவதில்லை.

உச்ச ஓட்டத்தை 86,400 விநாடியால் பெருக்கி நாள் கணக்கு எழுதுவதையும் பல அறிக்கைகளில் பார்க்கிறேன். 13.4-ஐ அப்படிப் பெருக்கினால் 11.6 லட்சம் லிட்டர் வரும்; உண்மையில் வருவதைப் போல் மூன்று மடங்கு. உங்கள் ஒப்பந்தக்காரரின் 20 லிட்டரைப் பெருக்கினால் 17 லட்சத்தைத் தாண்டும். நிலையத்தின் கொள்ளளவைத் தீர்மானிப்பது நாள் மொத்தம். உச்ச ஓட்டம் தீர்மானிப்பது குழாயையும் சல்லடையையும் சேகரிப்புத் தொட்டியின் அளவையும் பம்பையும். அவர் எந்த எண்ணை எதற்குப் பயன்படுத்தினார் என்பதை எழுத்தில் கேளுங்கள். கேட்பதற்கு முன், ஒரு வேலைநாளிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையிலும் மணிக்கு ஒருமுறை பம்பை நிறுத்தித் தொட்டியின் ஏற்றத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு தாள்களையும் மேசையில் வைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்கலாம்.